இடது பக்கமே திரும்பும் திருக்கை

அத்தியாயம் 17

காலை ஏழு மணிக்கே ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியாகிவிட்டது. இருபதடி நீளம். அதில் பதினெட்டடியை ஆறுச்சாமியின் முகம் எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த இடத்தில் 'ஆழ்கடலை ஆளவரும் ஆறுச்சாமி குளோபல்' என்ற வாசகமும், அதன் காலடியில் வெற்றிலை அளவுக்கு ஒரு மீனும் இருந்தன. அதுவும் சரியான மீன் இல்லை. பேனர்க்காரரிடம் திருக்கை படம் கிடைக்காததால் ஒரு டால்ஃபினைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார். டால்ஃபின் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

சித்ராதேவி பேனரை அண்ணாந்து பார்த்தாள். கணவனின் மூக்குத் துவாரத்துக்கு நேர் கீழே நிற்கிறோம் என்பது புரிந்ததும், உள்ளே போய், தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறுச்சாமிக்கும் அவள் தம்பி லிங்கசாமிக்கும் போன தீபாவளியன்று, சாப்பாட்டு இலைக்கு முன்னால் நடந்த பந்தயத்துக்கு இன்றுதான் கடைசி நாள்.

லிங்கசாமி இன்ஜினீயரிங் காலேஜ் வாத்தியார் வேலையை உதறிவிட்டு, பெருமாநல்லூரில் இருக்கும் ஆறுச்சாமியின் பனியன் கம்பெனியின் பின்பக்கத்து ஷெட்டில் எட்டு மாதமாக ஒரு திருக்கை மீன் செய்துகொண்டிருக்கிறான். ரோபோ திருக்கை. காற்றாடி வைத்த இயந்திரம் கடலடியில் போனால் சேறு கிளம்பும், பாசியும் பவளமும் அறுபடும். திருக்கை மாதிரி இறக்கையை அலையலையாக அசைத்துப் போனால் ஒரு தூசிகூட எழும்பாது. இதை அவன் சொல்லாத ஆள் இல்லை. கேட்டவர்களில் ஒரே ஒருவர்தான் கொட்டாவி விடாமல் கேட்டார். தெற்கே கடலோரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருக்கும் டாக்டர் ஆரோக்கியராஜ். அவர் இன்று பதினொரு மணிக்கு வருகிறார்.

கம்பெனித் தண்ணீர்த் தொட்டியின் நீளம் அறுபதடி. திருக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், சுவரில் இடிக்காமல் திரும்பி வந்துவிட்டால் லிங்கசாமிக்கு அந்த நிலையத்தில் வேலை. வராவிட்டால், பந்தயப்படி, திங்கட்கிழமை முதல் ஆறுச்சாமி குளோபலின் புரொடக்‌ஷன் மேனேஜர். ஆயுசுக்கும்.

"அதுல என்னங்க குறை? ஏ.சி. ரூமு, காரு!" என்று சொந்தபந்தம் முழுக்கக் கேட்டது. சித்ராதேவி மட்டும் கேட்கவில்லை. ஆறுச்சாமிக்குக் கீழே ஆயுசுக்கும் என்றால் என்னவென்று பத்தொன்பது வருட அனுபவம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

எட்டரை மணிக்கு லிங்கசாமி முழங்கால் வரை நனைந்துபோய் வந்து நின்றான். கையில், ஈரம் சொட்டச் சொட்ட, முறம் போல விரிந்த திருக்கை.

"அக்கா, இன்னிக்கும் இடது பக்கமே திரும்புதுங்க்கா."

"எவ்வளவு தூரம் போச்சு?"

"இருவதடி. அதுக்குமேல வண்டிமாடு மாதிரி இடது பக்கம் ஒடிக்குது. நேரா செவுத்துல போயி முட்டுது."

"மோட்டார மாத்துனியே?"

"மூணு தடவை மாத்தியாச்சுங்க்கா. கம்ப்யூட்டர்ல எழுதுனதையும் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்குது. பன்னண்டு நாளா இந்தக் கூத்து. மொத நாளு லேசாத்தான் திரும்புச்சு. இப்ப நாளுக்கு நாள் சாஸ்தியாவுது."

"அதுக்கு முந்தி நேராப் போச்சல்ல?"

"நூல் புடிச்ச மாதிரிப் போச்சு. புது மோட்டார் போட்டதுக்கு அப்புறந்தான் இந்தக் கெரகம்."

அப்போது வாசலில் சென்ட் வாசனை முதலிலும், ஆறுச்சாமி இரண்டாவதாகவும் வந்தார்கள். சித்திரை வெயிலுக்குக் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். பனியன் ஏற்றுமதி செய்கிறவர் என்பதற்கு அவர் உடம்பில் எந்தத் தடயமும் வெளியே தெரியவில்லை.

"மாப்ள! நம்ம மீனு ரெடியா?"

எட்டு மாதமாக 'உன்ற மீனு' என்றே சொல்லிவந்தவர், ஜெயிக்கும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து 'நம்ம மீனு' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். தோற்றால் மறுபடி பழைய பேரே வந்துவிடும்.

"ரெடி பண்ணிட்டு இருக்கறனுங் மாமா."

"தண்ணியத் தொடச்சு வெய்யி. சிங்கம் பளபளன்னு தெரியோணும். டிவிக்காரனுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன்."

சிங்கம் என்பது கம்பெனிச் சின்னம். உலக உருண்டை மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் சிங்கம். திருக்கையின் வலது இறக்கை முழுக்கத் தங்கக் கலரில் பிரிண்ட் அடித்திருந்தது. அவர் போனபிறகும் சென்ட் கொஞ்ச நேரம் நின்றது.

லிங்கசாமி திருக்கையைச் செக்கிங் டேபிள் மேல் வைத்தான். வெளிச்சமும் அகலமும் உள்ள இடம் அது ஒன்றுதான்.

"ஈரத்தோட இங்க எதுக்கு வெக்கிறே? ஜெர்மன்காரன் திருப்பி அனுப்புன பீஸெல்லாம் கெடக்குதல்லோ?"

அவள் கையில் ஒரு டி-ஷர்ட் இருந்தது. அந்த மாதிரிப் பன்னிரண்டு டி-ஷர்ட்கள், ஒரு காரமான கடிதத்தோடு திரும்பி வந்திருந்தன. மூன்று முறை துவைத்தால் இடுப்போரம் இருக்கவேண்டிய தையல் நடந்து நடந்து தொப்புளுக்கு வந்துவிடுகிறதாம். நூலில் இருக்கும் முறுக்கு தண்ணீர் பட்டதும் தன் வேலையைக் காட்டும். லேசான சிங்கிள் ஜெர்சித் துணியில் இது சகஜம். ஒரு வாரமாக அவளுக்கு டேப்பும் கையுமாக அதே வேலை.

டி-ஷர்ட்டைத் தூக்கி ஓரம் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

திருக்கையின் இடது இறக்கையை மூடிய துணியில், முன்விளிம்பில் இருக்கவேண்டிய தையல் இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. வலது இறக்கையில் அதே தையல் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

"லிங்கு, இந்தத் தோலு எப்பப் போட்டது?"

"பன்னண்டு நாளாச்சுங்க்கா. பழைய தோலு அசிங்கமா இருக்குது, நம்ம எக்ஸ்போர்ட் துணியத்தான் போடோணும்னு மாமா பிரிண்டெல்லாம் அடிச்சுத் தெச்சுக் குடுத்துட்டாரு. அன்னிக்கேதான் மோட்டாரும்…"

அவனும் நின்றுவிட்டான்.

"பழைய தோலு என்ன துணி?"

"இன்டர்லாக். கொழந்தைங்க ஜட்டிக்கு வெட்டுனதுல மிச்சம்."

"இன்டர்லாக் ரெண்டு பக்கமும் பின்னுன துணி, முறுக்காதுடா. எத்தனை தொவச்சாலும் முறுக்காது. இது சிங்கிள் ஜெர்சி. நீ தெனமும் தண்ணியில போட்டுப் போட்டு எடுக்கறே. பன்னண்டு நாளாத் தொவச்ச மாதிரி ஆச்சா? ரெண்டு றெக்கையும் ஒரே பக்கமா முறுக்கிக்கிச்சு. ஒண்ணு பின்னால தூக்குது, இன்னொண்ணு பின்னால அமுக்குது. அப்புறம் மோட்டாரு என்ன பண்ணும், பாவம்?"

பி.இ., எம்.இ. படித்த லிங்கசாமி, செக்கிங் டேபிள் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தான்.

"மோட்டார மூணு தடவை மாத்துனனே, அக்கா."

"துணியத் தவிர எல்லாத்தையும் மாத்தியிருக்கறே. திருப்பூர்ல இருந்துட்டு!"

"இப்ப என்ன பண்றது? பழைய தோலு?"

"வேஸ்ட் மூட்டையோட போயே பத்து நாளாச்சு. இன்டர்லாக் இன்னிக்கு இந்த பில்டிங்ல ஒரு மீட்டர் கெடையாது. வாங்கி, வெட்டி, தெச்சு முடிக்க சாயங்காலம் ஆயிரும்."

மணி ஒன்பது. சித்ராதேவி டி-ஷர்ட்டை எடுத்தாள். கைவிட்டு உள்பக்கத்தை வெளியே இழுத்தாள். பனியனைத் துவைத்துக் காயப்போடுகிறவள் தினமும் செய்வதுதான். ஆனால் இன்று தையல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே திருப்பினாள். இவ்வளவு நேரம் வலது பக்கம் நடந்துகொண்டிருந்த தையல் இப்போது இடது பக்கம் போனது.

"லிங்கு! ஒரு றெக்கையத் திருப்பிப் போட்டா?"

"எப்படீங்க்கா?"

"றெக்கைத் தோலு பை மாதிரிதானே இருக்குது? உடம்போட சேத்த அடித்தையலப் பிரிச்சு, வலது பக்கத்துப் பையை மட்டும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பு. முறுக்கும் திரும்பிக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பாத்த மாதிரி ஆயிரும்."

லிங்கசாமி கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். திறந்தபோது முகம் வெளிச்சமாக இருந்தது. உடனே இருண்டது.

"வலது றெக்கையிலதான் சிங்கம் இருக்குதுங்க்கா."

"இருக்கட்டும்."

"சிங்கம் உள்ள போயிரும். ஓவர்லாக் தையலெல்லாம் வெளிய தெரியும். மாமா என்னையக் கொன்னுபோடுவாரு."

"திங்கக்கெழம அவருகிட்ட வேலைக்குப் போனீன்னா தெனமும் கொல்லுவாரு. இது ஒருக்காத்தானே?"

இடது இறக்கையைத் திருப்பலாமே என்று அவன் கேட்டான். அதன் அடித்தையலோடு ஒயரெல்லாம் சேர்த்துப் பசைபோட்டு ஒட்டியது அவனேதான் என்று அவள் ஞாபகப்படுத்தினாள். அதைப் பிரித்தால் இரண்டு நாள். ஆக, சிங்கத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

திருக்கையைப் பின்பக்கத்து ஷெட்டுக்கே எடுத்துப்போய்ச் செல்லத்தாயைக் கூப்பிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து பதினைந்து வருடம் முன் வந்தவள். கம்பெனியிலேயே கை வேகமான டெய்லர். ஷெட்டுக்குள் நுழைந்து டேபிள் மேல் கிடந்ததைப் பார்த்ததும் கன்னத்தில் கைவைத்தாள்.

"அடியாத்தே! திருக்கைய எதுக்கு இப்படித் தொவச்சுப் போட்டிருக்கிய?"

"பிரிக்கோணும் செல்லம். அடித்தையல் மட்டும். துணி கிழியக் கூடாது."

நூல் வெட்டும் ட்ரிம்மர் கையில் ஏறியது. தையல் கண்ணி கண்ணியாக விட்டது. இறக்கையைத் தாங்கிய மூன்று நைலான் பட்டைகளும் எலும்பு மாதிரி வெளியே வந்தன. சித்ராதேவி பையைத் திருப்பினாள். சிங்கம் உலக உருண்டையோடு சேர்ந்து உள்ளே போய் மறைந்தது.

"நல்லா இருந்த பக்கத்த உள்ள தள்ளுதீங்களே, மொதலாளி வையமாட்டாவளா?"

"வைவாரு. நீ தெய்யி."

மிஷினில் நுழையாத இடம். கையால்தான் தைக்க வேண்டும். பாதி சுற்று முடிந்திருக்கும். மணி பத்தே கால். ஷெட்டுக்கு வெளியே நாதஸ்வரம் கிளம்பியது.

பதினொரு மணிக்கு வரவேண்டியவர் பத்தே காலுக்கே வந்துவிட்டார். ஆறுச்சாமி ஏர்போர்ட்டுக்கு ஒரு காரும் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு காரும் அனுப்பியிருந்தார். டாக்டர் ஆரோக்கியராஜ் இரண்டையும் ஏமாற்றிவிட்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, டீக்கடையில் வழி கேட்டு நடந்தே வந்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை. மாலை போட்டதும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"மீன் எங்க?" என்றார்.

லிங்கசாமி ஷெட்டுக்குள் ஓடி வந்தான். "அக்கா, வந்துட்டாரு! இன்னும் எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம் ஆகும். மாமா வரவேற்புரை எத்தனை பக்கம்?"

"மூணு பக்கமுங்க. பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்."

சித்ராதேவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போயி அவரு காதுல சொல்லு. நீங்க பேசறத முழுசாக் கேக்கோணும்னு அக்கா ஆசைப்படறாங்க, கம்பெனி வரலாற மொதல்ல இருந்து சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு."

கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருடத்தில், இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்று மனைவி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆறுச்சாமி மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்று பக்கத்தையும் மடித்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தி நாலில் முதல் மிஷின் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தார். எண்பத்தி ஏழுக்கு வரவே பதினைந்து நிமிடம் ஆனது. அனுப்பர்பாளையத்திலிருந்து வந்திருந்த பாத்திரக்கடை உறவினர் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கினார். டிவிக்காரர் கேமராவை மூடினார். ஆறுச்சாமி தொண்ணூற்றி ஒன்றில் வந்த நஷ்டத்தைச் சொல்லிக் கண்கலங்கிக்கொண்டிருந்தபோது, ஷெட்டுக்குள் செல்லத்தாய் கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்த மனிதரின் பேச்சு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்றுதான்.

திருக்கையைத் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். தொட்டியைச் சுற்றி டெய்லர்கள், அயர்ன் மாஸ்டர்கள், பேக்கிங் பையன்கள், வட நாட்டுத் தொழிலாளிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். லிங்கசாமி படியில் இறங்கி, துண்டோடு சேர்த்துத் தண்ணீரில் அமிழ்த்தி, துண்டை மட்டும் உருவினான். மெல்லிய ஒயர் ஒன்று மீனிலிருந்து அவன் கையிலிருந்த பெட்டிக்கு வந்தது. பொத்தானை அழுத்தினான்.

இறக்கை அசைந்தது. முன்னாலிருந்து பின்னால் ஓர் அலை ஓடியது. திருக்கை நகர்ந்தது.

ஐந்தடி. பத்தடி. இடது பக்கம் திரும்பவில்லை. ஆனால் மூக்கு மெல்ல மெல்ல மேலே தூக்கியது. தண்ணீருக்கு மேல் தலையை நீட்டி, முதலை மாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே துடித்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆறுச்சாமி அப்போதுதான் பார்த்தார்.

"மாப்ள! சிங்கம் எங்கே?"

தொட்டி விளிம்புக்கு வந்து குனிந்தார்.

"துணி திரும்பியில்ல கெடக்குது! உள்பக்கம் தெரியுதுடா! ஓவர்லாக் தெரியுது! எக்ஸ்போர்ட் கம்பெனிடா இது, மானமே போச்சே…"

விருந்தாளி பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்பு வந்தது. அந்த ஊர் மரியாதை பெரியது. ஆறுச்சாமி அடுத்த வார்த்தையை விழுங்கிவிட்டு விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தார். அது பேனர் டால்ஃபினின் சிரிப்பை விட மோசமாக இருந்தது.

லிங்கசாமி ஒயரை இழுத்து மீனைக் கரைக்குக் கொண்டுவந்தான். "ரெண்டு றெக்கையும் இப்ப ஒண்ணுபோலப் பின்னால தூக்குதுங்க்கா. எனக்கு இது தோணாமப் போச்சே."

"மூக்குத் தூக்குனா மூக்குல பாரத்தக் கட்டுங்க, சார். வலைக்குக் கட்டுத மாதிரி," என்றாள் செல்லத்தாய். அவள் ஏப்ரன் பாக்கெட்டில் கைவிட்டாள். மிஷினில் அடிநூல் வைக்கும் பாபின் கேஸ் நாலு வந்தது. எஃகு. சித்ராதேவி அவற்றைத் தையல் நூலில் கோத்து, திருக்கையின் மூக்குக்கடியில் இறுக்கிக் கட்டினாள். புதுப்பெண்ணுக்கு மூக்குத்தி போட்ட மாதிரி இருந்தது.

"இப்ப உடு."

திருக்கை தண்ணீருக்குள் அமிழ்ந்தது. தரையிலிருந்து ஒரு முழம் மேலே, மட்டமாக நின்றது. அலை ஓடியது.

பத்தடி. இருபதடி. பன்னிரண்டு நாளாகத் திரும்பிய இடம் வந்தது. லிங்கசாமி கண்ணை மூடிக்கொண்டான். சித்ராதேவி மூடவில்லை. திருக்கை அந்த இடத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போனது. முப்பது. நாற்பது.

"போகுது! போகுது!" என்று அயர்ன் செக்‌ஷன் கத்தியது. "சலோ பாய், சலோ!" என்று இன்னொரு பக்கம் குரல் எழும்பியது.

டாக்டர் ஆரோக்கியராஜ் அதுவரை நின்றுகொண்டிருந்தார். திடீரென்று வெள்ளைச் சட்டையோடு தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்துவிட்டார். ஆறுச்சாமி பதறி, "சேர் போடுங்கடா, சேர்!" என்றார். டாக்டர் கேட்கவில்லை. அவர் மீனையே பார்க்கவில்லை. மீனுக்குக் கீழே, தொட்டியடியில் வருடக்கணக்காகப் படிந்த பழுப்புச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் அந்தக் கோடியை நெருங்கியதும் லிங்கசாமி பெட்டியிலிருந்த குமிழைத் திருப்பினான். ஓர் இறக்கை மட்டும் அடித்தது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் திருக்கை வட்டம் போட்டுத் திரும்பி, வந்த வழியே, அவசரமில்லாமல், முழு அறுபதடியும் நீந்தி, படிக்கு வந்து நின்றது.

விசில் சத்தத்தில் மாமரத்துக் காக்காயெல்லாம் கிளம்பிவிட்டன. லிங்கசாமி தண்ணீரில் நின்றபடியே அழுதான். செல்லத்தாய், "சார்வாளுக்குத் தண்ணி பத்தலன்னு ஊத்துதாவ!" என்று சொல்லிவிட்டுத் தானும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்தார். சட்டை முழுக்கப் பாசி. "சேறு அசையவே இல்ல" என்றார். அதற்கு மேல் அவர் எதையும் பாராட்டவில்லை. லிங்கசாமியின் ஈரக் கையைப் பிடித்து, "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேர்ந்துருங்க" என்றார். எட்டு மாதம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போனது.

பிறகு குனிந்து வலது இறக்கையைத் தொட்டார். "தையல் ஏன் வெளிய இருக்கு?"

"அது எங்க அக்கா பண்ணுனதுங்க."

சித்ராதேவி சொன்னாள். ஜெர்மன்காரன் திருப்பி அனுப்பிய டி-ஷர்ட் ஒன்றை எடுத்துவந்து, அதை வைத்தே நாலு வார்த்தையில் சொன்னாள். டாக்டர் அந்த டி-ஷர்ட்டை வாங்கி, தாமே இரண்டு முறை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் திணறினார்.

"அம்மா, எங்க நிலையத்துல இதே மாதிரி ஒரு மீன் ஒண்ணரை வருஷமா வலது பக்கமாவே சுத்திட்டுக் கெடக்கு. கமிட்டி போட்டோம். வெளிநாட்டுல இருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வந்தோம். நாப்பது பக்கத்துக்கு அறிக்கை குடுத்தாரு. துணின்னு ஒரு வார்த்தை அதுல இல்ல." கண்ணைத் துடைத்தபடி ஆறுச்சாமி பக்கம் திரும்பினார். "சார், உங்க கம்பெனியிலேர்ந்து ஒருத்தர எங்களுக்கு ஒரு இருபது நாள் தர முடியுமா? உப்புத் தண்ணியில துணி என்ன பண்ணும்னு பாக்கணும்."

ஆறுச்சாமிக்கு உயிர் வந்தது. சிங்கம் உள்ளே போன துக்கம் பறந்தது. மைக்கை எடுத்தார்.

"பெரியோர்களே! விஞ்ஞான உலகமே இன்னிக்கு ஆறுச்சாமி குளோபலத் தேடி வந்திருக்குதுங்க! டாக்டர் ஐயா, இருவது நாள் எதுக்குங்க, ஒரு மாசமே வெச்சுக்குங்க! கட்டிங் மாஸ்டரா, ஃபேப்ரிக் மேனேஜரா, யாரு வேணும்னாலும் இந்த நிமிசமே கூட்டிட்டுப் போங்க! இது ஆறுச்சாமி சொல்லு!"

டிவிக்காரர் கேமராவை மறுபடி திறந்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றார் டாக்டர். "அப்ப உங்க மிஸஸ வர்ற பத்தாந்தேதியே அனுப்பிச்சிருங்க."

தொட்டியைச் சுற்றி நின்ற நூற்றைம்பது பேரும் முதலாளியைப் பார்த்தார்கள். அப்புறம் முதலாளி அம்மாவைப் பார்த்தார்கள். செல்லத்தாய் மட்டும் கை தட்டினாள். தனியாகத் தட்டுகிறோமே என்று அவள் நிறுத்தவில்லை.

"சித்ராவா?" மைக் வாயருகே இருப்பதை ஆறுச்சாமி மறந்துவிட்டார். அவர் குரல் பெருமாநல்லூர் ரோடு வரை கேட்டது. "ஏ அம்முணி… நீ போயிட்டா செக்கிங்க யாரு பாக்கறது?"

சித்ராதேவி கையிலிருந்த பாசியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"நீங்கதானுங்க" என்றாள். "காலையில எட்டரைக்கு உக்காந்திரோணும். லேட்டா வந்தா செல்லத்தாயி ரெஜிஸ்டர்ல சிவப்பு மை வெச்சிருவா."

டாக்டரிடம் திரும்பினாள். "பத்தாந்தேதிக்கு அங்க இருக்கோணும்னா, ஒம்பதாந்தேதி எத்தன மணிக்குங்க பஸ்ஸு?"